நல்லா இருக்கோம்

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்த்து வருவதை எங்கள் பக்கத்தில் 'மனு பார்க்கிறது' என்பார்கள். 'போன வாரம் மனு பார்த்துட்டு வந்தேன்', 'இந்த மாசம் இன்னும் மனுவுக்குப் போகலை.' பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு தாய் தன் பெயர், ஊர், உறவுமுறை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்கிற அந்தத் தாளின் பெயரே பார்ப்பதற்கும் பெயராகிவிட்டது. பன்னிரண்டு வருடம் இந்தச் சொல் எங்கள் வீட்டில் உப்பு புளி போலப் புழங்கியது.

அண்ணன் வெளியே வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் சில நாள் அம்மா விடியுமுன் எழுந்து குளித்து, சேலை மாற்றி, மஞ்சள் பையைக் கையில் எடுத்துவிடுகிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள் போல. ஹாலில் அண்ணன் படுத்திருப்பதைப் பார்த்த பிறகு பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். எழுப்புவதில்லை.

பைக்குள் அவளுடைய ஆதார் நகல் நான்காக மடித்தபடி இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியது.

*

நாங்கள் போன நாட்களில் மனு பார்க்கும் இடம் இப்படி இருக்கும். எங்கள் பக்கம் ஒரு கம்பி வலை. அவர்கள் பக்கம் ஒரு கம்பி வலை. நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். முதல் தடவை போனபோது அண்ணனின் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் காதில் விழவில்லை.

மூன்றாவது, நான்காவது தடவைக்குள் பழகிவிட்டது. பக்கத்து ஆளின் குரலுக்கு மேலே குரலை ஏற்றக் கற்றுக்கொண்டோம். ஏற்றிச் சொன்னது இவ்வளவுதான்:

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன்மா."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"நாங்க நல்லா இருக்கோம்."

வேறு என்ன சொல்ல முடியும்? அப்பாவுக்குச் சர்க்கரை கூடிக் காலில் புண் ஆறாமல் இருப்பதையும், அண்ணியின் தாலிக்கொடி அடகில் மூழ்கிப்போனதையும், முன்பின் தெரியாத முப்பது பேர் நடுவில் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல யாருக்கு மனம் வரும்? கத்திச் சொல்லக்கூடிய செய்தி மட்டும் வலையைத் தாண்டியது. மற்றதெல்லாம் எங்கள் பக்கமே தங்கிப்போனது. அவர் பக்கத்திலும் அப்படித்தான் தங்கியிருக்கிறது. அவருடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். அது ஏழு வருடப் பழைய தழும்பு.

இப்போது பல மத்திய சிறைகளில் கண்ணாடித் தடுப்பு வைத்து, இரண்டு பக்கமும் இன்டர்காம் கொடுத்திருக்கிறார்கள். காதோடு காதாகப் பேசலாம். கேள்விப்பட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் அதற்குள் பேச்சு அந்த ஐந்து வாக்கியமாகச் சுருங்கிவிட்டிருந்தது.

*

அண்ணன் செய்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. செய்தார்.

2010ஆம் வருடம், உழவு நேரம். இரண்டு வயலுக்கும் பொதுவான வரப்பு. எதிர்த்தரப்பு ஒரு சாண் அளவுக்கு வெட்டிக் கழித்துவிட்டதாகப் பேச்சு தொடங்கி, அந்தப் பேச்சு வளர்ந்து, அண்ணன் கையிலிருந்த மண்வெட்டி ஒரு மனிதனின் தலையில் இறங்கியது. அந்த மனிதர் எங்களுக்கு மாமன் முறை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. அண்ணன் கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் தானே ஸ்டேஷனுக்குப் போனார்.

இதை எழுதிவைக்காமல் மற்றதை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

*

அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொன்னோம். எங்கள் ஊரில் வீட்டுக்கொரு ஆம்பளை வெளிநாட்டில்தான். அதனால் பொய்க்கு நாங்கள் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. இடம் தயாராக இருந்தது. பிறந்த நாளுக்கு ஃபாரின் சாமான் விற்கிற கடையில் சாக்லேட் டப்பாவும், அம்மாவுக்கென்று கோடாலித் தைலமும் வாங்கிவந்து, அப்பா கொடுத்துவிட்டார் என்போம். அண்ணிக்கு அந்த நாடகம் பிடிக்காது. ஆனாலும் டப்பாவைப் பிரிக்கும்போது கூட உட்கார்ந்து சிரிப்பார்.

நாலாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் நிரப்பியிருக்கிறார்கள். 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்ததும், பக்கத்தில் இருந்த பையன், "இவங்க அப்பா ஜெயில்ல இருக்காரு டீச்சர்" என்றிருக்கிறான். பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அழவில்லை, கேட்கவில்லை. சாயங்காலம் அலமாரியிலிருந்து பழைய சாக்லேட் டப்பாவை எடுத்துவந்து அண்ணியிடம் கொடுத்தாள். டப்பாவின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். மதுரைக் கடையின் பெயரும் விலையும். நாங்கள் கிழிக்க மறந்தது.

எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அடுத்த மாதம் மனுவுக்கு அவளையும் கூட்டிப்போனோம். வலைக்கு முன்னால் நின்று, எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாகக் குரல் எடுத்து, "நான் நல்லா இருக்கேன்ப்பா" என்றாள். ஒன்பது வயதில் அவளும் எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நான் ஆசிரியை. இருபத்தொரு வருட வேலையில் எத்தனையோ வருடம், தந்தையின் தொழிலை வகுப்பில் பெயர் கூப்பிட்டு உரக்கக் கேட்டுத்தான் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை. தாளைக் கொடுத்து வீட்டில் எழுதிவரச் சொல்கிறேன். காலியாக வந்தால் காலியாகவே விடுகிறேன்.

*

2014இல் அப்பா போனார். நெருங்கிய உறவினர் இறந்தால் சிறைவாசிக்கு அவசர விடுப்பு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கென்று 1982ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. வழிக்காவலோடு அண்ணனை அனுப்பினார்கள். வேன் வந்து நின்றதும் தெரு முழுக்க வேனைப் பார்த்தது. அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த பெஞ்சின் பக்கம் ஒரு நிமிடம் யாருமே திரும்பவில்லை.

அண்ணன் கொள்ளி வைத்தார். மொட்டைத் தலையோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மகள் தூணுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர்களில் வயதான ஒருவர், "நேரமாச்சு தம்பி" என்று மெதுவாகத்தான் சொன்னார். அம்மா, தாலி இறக்காத கழுத்தோடு வாசல்வரை வந்தாள். வேனின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க நல்லா இருக்கோம். நீ பார்த்துப் போயிட்டு வாப்பா."

அந்த வாக்கியம் அன்றைக்கு எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. வீட்டுக்குள் பிணம் எடுத்த இடம் கழுவிய ஈரம் காயவில்லை. நல்லா இருக்கோமா? அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "அவன் போய்ப் படுக்கணும்ல" என்றாள்.

*

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். தீர்ப்பு வந்த 2012இல் அம்மாவும் அப்படித்தான் விரல் மடக்கி எண்ணினாள். ஆயுள் என்றால் ஆயுள் முடிகிறவரைதான் என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லிவிட்டதை வக்கீல்தான் எங்களுக்கு விளக்கினார். பதினான்கு என்பது வேறு கணக்கு. கொலை போன்ற வழக்கில் ஆயுள் பெற்றவரை அதற்கு முன்னால் முன்விடுதலை செய்யக் கூடாது என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவு சொன்னது அது. பதினான்கு முடிந்தால் கதவு தானாகத் திறந்துவிடாது. அதற்கு முன்னால் வெளியே வர வேண்டுமென்றால் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, ஆளுநரின் பெயரில் அரசு எடுக்கிற முடிவு, அதற்கு ஒரு அரசாணை.

மூன்றாம் வகுப்பு படித்த அம்மா 'ஜி.ஓ.' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது இப்படித்தான். வாய்தா, நகல், அப்பீல், கன்விக்ட் நம்பர், ரிமிஷன் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன.

ஆயுள் கைதி இருக்கிற வீடுகளுக்குத் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் வரும்: செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். 2008இல் அண்ணா நூற்றாண்டின்போது ஏழு வருடம் முடித்தவர்களை, ஒரே சமயத்தில் 1,405 பேரை விட்டார்கள் என்பது கோட்டைச் சுவருக்கு வெளியே காத்திருக்கும் பெண்களிடம் புராணக்கதை மாதிரி. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிப் பத்து வருடம் முடித்தவர்களை விட்டபோது அண்ணனுக்கு எட்டுதான் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அம்மாவுக்குச் சோறு இறங்காது. செப்டம்பர் 16 அன்று பழையபடி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள்.

தொலைக்காட்சியில் அற்புதம்மாள் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். 1991 ஜூன் 11ஆம் தேதி, விசாரித்துவிட்டுக் காலையில் அனுப்பிவிடுவோம் என்று சொன்னதை நம்பி, பத்தொன்பது வயது மகன் பேரறிவாளனை அனுப்பிவைத்த தாய். முதல் பரோலில் மகன் வீட்டுக்கு வந்தது 2017இல். உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18. முப்பத்தொரு வருடம் அந்தத் தாய் ஏறாத படி இல்லை. ஒருமுறை அவர் பேட்டியைப் பார்த்து முடித்ததும் அம்மா சொன்னாள்: "அந்தம்மா எம்புள்ள தப்புப் பண்ணலைன்னு சொல்லிக்கிட்டுப் போகுது. நான் என்னன்னு சொல்லிக்கிட்டுப் போவேன்?"

தப்புச் செய்த மகனின் தாய் எந்தக் கதவுக்கு முன்னால் நின்று என்ன சொல்லிக் கேட்பாள் என்பதை நான் அதற்குப் பிறகு நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எந்த மேடையும் இல்லை. கூட வருகிறவர்கள் இல்லை. அவளிடம் இருந்தது மாதத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்.

*

மனு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல இல்லை. அவர்கள் வீட்டு ஆளுக்குத் தீர்ப்பே வந்திருக்காது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது அரசின் கணக்கு. நாலில் மூன்று பங்கு. ஜாமீன் கிடைத்தும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடக்கிற மகனைப் பார்க்க வந்த ஒரு பாட்டி, கையில் இருந்த வெற்றிலையைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். "ரெண்டு பேரு சொத்து காட்டணுமாம் தாயி. சொத்து இருந்தா அவன் ஏன் கம்பி திருடப் போறான்?"

இன்னொரு நாள் ஒரு சிறுமி. தாயோடு சிறைக்குள்ளேயே இருந்த பிள்ளை. ஆறு வயதுவரை குழந்தையைத் தாயோடு வைத்துக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. ஆறு முடிந்துவிட்டதால் ஆச்சி கூட்டிப்போயிருக்கிறாள். இப்போது அம்மாவைப் பார்க்க மனு. பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் சாயங்காலம் எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று கேட்டது. எனக்குப் புரியவில்லை. ஆச்சிதான் சொன்னாள்: "அங்கன ஆறு மணிக்குப் பூட்டிருவாக. வெளிய வந்தும் அதே நெனப்பு. பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள ஓடிப்போயி, கதவச் சாத்து ஆச்சிங்குது."

*

2020 மார்ச்சில் கொரோனாவால் மனு நின்றது. சில வாரம் கழித்து, சிறையிலிருந்து வீடியோ கால் பேச ஏற்பாடு செய்தார்கள். என் போனில்தான் அழைப்பு வந்தது. திரையில் அண்ணன் முகம். நடுவில் வலை இல்லை. பத்து வருடத்தில் அம்மா அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அப்பா இறந்த அன்று ஒருதடவைதான். அன்றைக்குத் தலையில் முடி இல்லை.

"என்னப்பா, இப்படி நரைச்சிருச்சு?" என்றாள்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டார். கம்பி வலைக்கு அப்பால் நிற்கிறவருக்கு நரை தெரியாது. முப்பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலை வெளுத்துப்போனதை ஒரு நோய் வந்துதான் எங்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் செப்டம்பரில், அண்ணா பிறந்த நாளையொட்டி நீண்ட காலச் சிறைவாசிகள் 700 பேரை முன்விடுதலை செய்யப்போவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நவம்பரில் அரசாணை வந்தது. பத்து வருடம் முடித்தவர்கள். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் நானும் அண்ணியும் போய்க் கூட்டிவந்தோம். பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். வெளியே எல்லாம் வேகமாக ஓடுகிறதாம், தலை சுற்றுகிறதாம்.

*

வீட்டுக்கு வந்த புதிதில்:

டியூப்லைட்டை அணைத்தால் தூங்க மாட்டார். உள்ளே இரவெல்லாம் விளக்கு எரியும். அண்ணிக்கு இருட்டு வேண்டும். காலையில் ஏழரைக்கு நூற்பாலை வண்டி வந்துவிடும், அவருக்குத் தூக்கம் வேண்டும். ஒரு வாரம் இரண்டு பேரும் விழித்துக் கிடந்தார்கள். எட்டாம் நாள் அண்ணன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். யாரும் சண்டை போடவில்லை. சண்டை வந்திருந்தால்கூட நல்லது என்று நான் நினைத்தேன்.

"குளிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் குளிப்பார். கடைத்தெருவுக்குப் போகலாமா என்று மகளைக் கேட்பார். இட்லியா தோசையா என்று அண்ணி கேட்டால் பேசாமல் இருப்பார். பன்னிரண்டு வருடம் யாரும் கேட்காத கேள்வி அது. அண்ணி நாலு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கேட்காமல் வைக்க ஆரம்பித்தார். அப்படிக் கேட்காமல் வைப்பதும் அங்கே நடந்ததுதானே என்று எனக்குப் பதறியது. சொல்லவில்லை.

ரேஷன் கடையில் நடந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. கூட்டம். கடைக்காரர் அட்டையைப் பார்த்து, அண்ணன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். அண்ணன் நின்ற இடத்திலேயே சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார், தலை குனிந்து, கை இரண்டும் முழங்கால் மேல். கணக்கு எடுக்கும்போது அங்கே அப்படி உட்கார வேண்டும். எல்லோரும் நின்றுகொண்டிருக்க, நடுவில் ஒரு மனிதர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சிலர் சிரித்தார்கள். மகள் அங்கேதான் இருந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, அப்பா பக்கத்தில் அவளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "செருப்பு அறுந்துபோச்சாப்பா?" என்று கேட்டாள், சுற்றியிருப்பவர்கள் காதில் விழுகிற மாதிரி. அறுந்திருக்கவில்லை. அவர் கால் செருப்பைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

பொய் சொல்ல நாங்கள் கற்றுக்கொடுத்த பிள்ளை.

அண்ணியைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இருபத்தைந்து வயதில் தனியானார். வேலைக்குப் போனார், ஸ்கூட்டி ஓட்டக் கற்றார், சீட்டுப் பிடித்து வீட்டுக்கு ஓடு மாற்றினார். எந்தக் கடைக்காரரிடம் எவ்வளவு பாக்கி என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டில் இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் மகளைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், பிறகுதான் வீட்டில் கணவர் இருப்பது நினைவு வந்து திரும்புகிறார். அந்தத் திரும்புதலை அண்ணனும் பார்க்கிறார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. கல்யாணமாகி ஐந்து வருடம் சேர்ந்து இருந்தவர்கள், பன்னிரண்டு வருடம் பிரிந்து இருந்தவர்கள்.

*

எட்டாம் வகுப்புக்கு வ.உ.சி. பாடம் நடத்தினேன். 1908இல் தண்டனை, கோவைச் சிறை, செக்கு, கண்ணூர்ச் சிறை, 1912 டிசம்பரில் விடுதலை. பிள்ளைகளுக்குச் செக்கு பிடித்திருக்கிறது, படம் வரைகிறார்கள். தண்டனைச் செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியதைப் புத்தகத்தில் போடுவதில்லை. வெளியே வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் மளிகை வியாபாரம் செய்து பார்த்தார். தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிப் பண உதவி கேட்டார். சன்னது திரும்பக் கிடைக்க வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவினார். அந்த நன்றியில் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர்.

நாட்டுக்காகச் சிறை போனவரையும் என் அண்ணனையும் ஒரு தட்டில் வைக்க மாட்டேன். விடுதலைக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்துப் பார்க்கிறேன். மீனாட்சி அம்மாள் கணவரிடம் என்ன கேட்டிருப்பார், எதைக் கேட்காமல் விட்டிருப்பார்?

*

மூன்று தெரு தள்ளி, இறந்துபோன மாமாவின் வீடு இருக்கிறது. அந்த அத்தைக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். கோயிலில் எதிரெதிரே வந்தால் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம்.

உள்ளே அண்ணன் தறி ஓட்டக் கற்றுக்கொண்டார். போர்வையும் துண்டும் நெய்தார். அந்தக் கூலியில் ஒரு பங்கை, பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கான நிதிக்கென்று பிடித்துக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஒரு பரோலில் வந்தபோது அந்த விஷயத்தை அம்மாவிடம் சொன்னார், தன் பணம் அத்தைக்குப் போய்ச் சேரட்டும் என்கிற தொனியில். அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவ மாசாமாசம் எங்க போயி மனு போடுவா?" என்றாள்.

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா வற்புறுத்தவும் இல்லை.

விடுதலையாகி வந்த மறுநாள் வீட்டுக்கு வந்தவர்கள் இனிப்புக் கொடுக்கலாமே என்றார்கள். அம்மா கூடாது என்றுவிட்டாள்.

*

நேற்று ராத்திரி நான் ஊருக்குப் போயிருந்தேன். பதினொரு மணி. ஹாலில் டியூப்லைட். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் கல்லூரிப் புத்தகத்தை விரித்துவைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"தூங்கலையாண்ணே?"

"தூங்கணும் பாப்பா."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

மகள் பேனாவை மூடினாள். தலை நிமிராமலே, "பொய்" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? உள்ளறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம். "என்னப்பா அங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

மகள் இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறிக்குழி வேலைக்காரர்களுக்கு வருகிற வலி அது. வந்த நாளிலிருந்து இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்பிருந்தேகூட இருக்கலாம். டியூப்லைட்டில் ஒரு பூச்சி முட்டி முட்டி விழுந்தது.

"இடுப்பு வலிக்குதும்மா" என்றார் அண்ணன். குரல் அவருக்கே பழக்கமில்லாத மாதிரி கொஞ்சம் உடைந்து வந்தது. "ரொம்ப நாளா வலிக்குது. ராத்திரியில படுக்க முடியலை."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அம்மா எழுந்துவிட்டாள். அலமாரியில் தைலத்தைத் தேடும் சத்தம் கேட்டது.